ஷிம்மர் பவுடர்னா என்ன, அத கண்ணுலயும் கன்னத்துலயும் எங்க வைக்கணும்

போன வாரம் எங்க அக்கா மக நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டுல ஒரு கடையில இருந்து கையளவு வட்டமா ஒரு டப்பா வாங்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தா. தெறந்து பாத்தா உள்ள வரி வரியா அஞ்சு கலரு, ரோஸு, பீச்சு, தங்கம், செம்பு, ஓரத்துல ஒரு வெள்ள, அஞ்சும் ஜன்னல் வெளிச்சத்துல மின்னுது. "சித்தி, இது கண்ணுக்கா கன்னத்துக்கா? கடையில ரெண்டுக்குந்தான்னு சொல்லுதாவ, எப்படி போடணும்னு கேட்டா எல்லாத்தையும் சேத்து பிரஷ்ல சுத்தி அடின்னு சொல்லுதாவ"ன்னு கேக்குதா. அடுத்த மாசம் மார்த்தாண்டத்துல அவ கூட்டுக்காரிக்கு கல்யாணம், அதுக்கு போடணுமாம். ரெண்டு மணிக்கூர் இருந்து அவளுக்கு சொல்லிக் குடுத்தத தான் இங்க எழுதுதேன், ஏன்னா மேக்கப் பழகுற பிள்ளைகளுக்கு காஜல் லிப்ஸ்டிக் வரைக்கும் ஒரு பயமும் கெடையாது, இந்த மின்னுற பவுடர்ட்ட வந்தா தான் ஒண்ணு தொடவே மாட்டாங்க இல்லன்னா மூஞ்சி பூரா அப்பிக்கிடுவாங்க.

மொதல்ல பேர பாத்து குழம்பாதீங்க. ஷிம்மர் ஐஷேடோ (இமைக்கு), ஹைலைட்டர் (மூஞ்சியில மேடான எடத்த மின்ன வைக்க), ஷிம்மர் பிளஷ் (கன்னத்துக்கு செவப்பு), பிரான்சர் (தோலுக்கு தவிட்டு நெறம்)னு பேரு நாலு இருந்தாலும் டப்பாக்குள்ள இருக்க சாமான் ஏறக்குறைய ஒண்ணு தான்: மின்னுற துகள், அத தாங்குறதுக்கு ஒரு மாவு, கலருக்கு நிறமி, எல்லாம் ஒட்டி நிக்க கொஞ்சம் எண்ண இல்லன்னா சிலிக்கோன். இத கலந்து ஒரு சின்ன தகரத் தட்டுல வச்சி மெஷின்ல அழுத்தி கட்டியாக்குறாங்க, அதுதான் பிரஸ்டு பவுடர். ஹைலைட்டர்ல மின்னுற துகள் கூட, நிறமி கொறவு. ஷிம்மர் பிளஷ்ல நிறமி கூட, மின்னுறது கொறவு. ஐஷேடோவுல ரெண்டுமே கூட இருக்கும், அதனால தான் அத கன்னத்துல போட்டா பட்டுன்னு எடுத்துக் காட்டும்.

மின்னுற துகள் என்னதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா வெளங்கும். அது மைக்கா. வயசானவங்க காக்காப்பொன்னுன்னு சொல்லுவாங்க, பாறையிலயும் ஆத்து மணல்லயும் கண்ணாடி செதில் மாதிரி பளபளன்னு கெடக்குமே அதுதான். சித்த வைத்தியத்துல அப்பிரகம்னு பேரு, அப்பிரகச் செந்தூரம்னு மருந்தே இருக்கு. பழைய இஸ்திரிப்பெட்டிய பிரிச்சா உள்ள கம்பி சுத்தியிருக்க ஒரு தகடு இருக்கும், அதுவும் மைக்கா தான். இந்தக் கல்லோட கொணம் என்னன்னா இது ஏடு ஏடா உரியும், வெங்காயம் மாதிரி, எவ்வளவு மெல்லிசா உரிச்சாலும் ரெண்டு பக்கமும் வழுவழுன்னு சமமா இருக்கும். அத பொடிச்சா வர்ற ஒவ்வொரு துகளும் தட்டையா ஒரு குட்டிக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். நாம சின்னதுல இருந்து பூசுற டால்கம் பவுடர் போட்டா மூஞ்சி மங்கலா தெரியுதுல்லா, அதுல விழுற வெளிச்சம் நாலா பக்கமும் செதறிப் போகுது. மைக்கா தட்டையா படுத்து கெடக்கதுனால விழுற வெளிச்சம் ஒரே பக்கமா திரும்பி வருது. அந்த திரும்பி வர்ற வெளிச்சத்துக்கு பேரு தான் ஷிம்மர். இத மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க, ஷிம்மர் போடுறதுன்னா மூஞ்சியில எந்த எடத்துல வெளிச்சம் விழணும்னு நீங்க முடிவு பண்றது.

ஆனா வெறும் மைக்கா அவ்வளவு மின்னாது. அது மேல டைட்டானியம் டைஆக்சைடுன்னு ஒரு வெள்ள சாமான மெல்லிசா பூசுறாங்க. அந்தப் பூச்சோட மேல்பக்கம் பட்டு திரும்புற வெளிச்சமும் அடிப்பக்கம் பட்டு திரும்புற வெளிச்சமும் ஒண்ணோடொண்ணு சேரும்போ சில கலர் கூடிப்போகும் சில கலர் அழிஞ்சி போகும், சோப்பு நுரையில வானவில் தெரியுறது இப்படித்தான். பூச்சு ஏறக்குறைய 40ல இருந்து 60 நானோமீட்டர் கனம் இருந்தா வெள்ளி மாதிரி மின்னும், 60ல இருந்து 80 வரைக்கும் போனா தங்க மஞ்சளு, அதுக்கும் மேல கனம் கூடக் கூட செவப்பு, நீலம், பச்சன்னு மாறும். ஒரு தலைமுடியோட கனமே சுமாரா 80,000 நானோமீட்டர், அப்ப இது எவ்வளவு மெல்லிசுன்னு யோசிச்சிக்கிடுங்க. சாயமே சேக்காம, பூச்சோட கனத்த மட்டும் மாத்தி கலர் வர வைக்குறாங்க, இத மொத தடவ படிச்சப்ப எனக்கு ஒரு நாள் பூரா வேற நெனப்பே ஓடல்ல. திரும்பிப் பாத்தா ஒரு கலரு நேரா பாத்தா ஒரு கலருன்னு டுவோகுரோம் ஐஷேடோ விக்காங்கல்லா, அது நம்ம மயில் கழுத்துப் பட்டுச்சேல மாதிரி தான் தெரியும், சேலையில அது ஊடும் பாவும் ரெண்டு கலர் நூலா இருக்கதுனால வருது, பவுடர்ல இந்த பூச்சுனால வருது. தங்கம், செம்பு, வெங்கலக் கலருக்கு டைட்டானியத்தோட இரும்பு ஆக்சைடும் சேத்து பூசுவாங்க, சிலதுல இரும்பு ஆக்சைடு மட்டும் தான். இரும்பு ஆக்சைடுன்னா துரு தான், ஆனா சுத்தமா தயாரிச்சது.

இந்த மாதிரி பூச்சு போட்ட மைக்கா 1960கள்ல தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி முத்து மினுக்கத்துக்கு மீன் செதில் தான், 17ஆம் நூற்றாண்டுலயே பாரீஸ்ல மீன் செதில்ல இருந்து மினுக்கத்த எடுத்து பொய் முத்து செஞ்சிருக்காங்க. மீன்ல இருக்க குவானின்னு ஒரு பொருளு தட்டையான படிகமா அடுக்கடுக்கா இருக்கதுனால வர்ற மினுக்கம் அது. கொளச்சல் பக்கம் உள்ளவங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம், சாளையும் வாளையும் ஆஞ்சிட்டு கைய பாத்தா வெரல்ல எல்லாம் வெள்ளி ஒட்டியிருக்கும்.

டைட்டானியம்னு சொன்னேம்லா, அது எங்கேயோ உள்ள சாமான் கெடையாது. மணவாளக்குறிச்சி கடக்கரையில நடந்திருக்கீங்களா, அங்க மணல் கறுப்பா இருக்கும். அந்த கறுப்பு தான் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேந்த கனிமம், டைட்டானியம் டைஆக்சைடு செய்யிறதுக்கு மூலப்பொருளே அதுதான். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரரு இந்த மணல்ல மோனசைட்னு தோரியம் உள்ள ஒரு கனிமம் இருக்கத கண்டுபிடிச்சதுல இருந்து தொடங்கின தொழிலு, இப்ப ஐ.ஆர்.இ.எல்.னு மத்திய அரசு கம்பெனியோட ஆலை அங்க இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்னு கனிமம் எல்லாம் பிரிச்சி எடுக்குது. உங்க டப்பாவுல இருக்கது நம்ம மணல்ல இருந்து தான் வந்துச்சுன்னு சொல்ல வரல்ல, டைட்டானியம் தாது ஒலகத்துல எத்தனையோ நாட்டுல இருந்து வருது. இருந்தாலும் அந்த கறுப்பு மணல்ல இருந்து தான் இப்படி ஒரு முத்து வெள்ள வருதுன்னு அக்கா மகட்ட சொன்னப்ப அவ நம்பவே மாட்டேன்னுட்டா. கன்னியாகுமரியில கலர் மணல் பொட்டலம் விக்காங்கல்லா, அத பிள்ளைகள் மின்னுதுன்னு மூஞ்சியில தேக்காம பாத்துக்கிடுங்க, அது வெறும் மணலு, தோல கீறும்.

சரி, துகளோட அளவு. இது தான் சாட்டின், ஷிம்மர், கிளிட்டர்னு பேரு மாறுறதுக்கு காரணம். துகள் ரொம்ப பொடியா, 15 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா ஆயிரம் நானோமீட்டர்) உள்ள இருந்தா தனித்தனியா கண்ணுக்கு தெரியாது, தோல் எண்ண தேச்ச மாதிரி மொத்தமா பளபளன்னு இருக்கும், அது சாட்டின். கொஞ்சம் பெருசான துகள்னா முத்து மாதிரி ஷிம்மர். இன்னும் பெருசானா ஒவ்வொண்ணும் தனியா பளிச் பளிச்னு மின்னும். மொத டப்பா வாங்குறவங்க வெரல்ல தொட்டு பாருங்க, தனித்தனி பொட்டா மின்னிச்சின்னா கீழ வச்சிடுங்க, வெரல் மேல ஈரம் படிஞ்ச மாதிரி ஒரே சீரா இருந்தா எடுங்க. இந்த ஒரு சோதனையிலயே பாதி தப்பு கொறஞ்சிடும்.

கிளிட்டர் வேற சாதி. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் தாள்ல உலோகம் பூசி வெட்டின துண்டு, நம்ம பாஷையில ஜிகினா. கிறிஸ்மஸ் குடிலுக்கும் ஸ்டாருக்கும் தூவ வாங்குற ஜிகினாத் தூள் வீட்டுல மிச்சம் இருக்கேன்னு ஸ்கூல் ஆண்டுவிழா டான்சுக்கு பிள்ளைகளுக்கு கண்ணு மேல வச்சி விடுறத நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சி செய்யாதீங்க. அதோட ஓரம் கூரா இருக்கும், கண்ணுக்குள்ள போனா கருவிழிய கீறிடும், கசக்கினா இன்னும் மோசம். போயிட்டுன்னா கசக்காம சுத்தமான தண்ணி விட்டு கழுவுங்க, அப்பவும் உறுத்துச்சின்னா கண்ணு டாக்டர்ட்ட போங்க.

தூளா வர்ற ஷிம்மரும் கடையில உண்டு, குட்டி புட்டியில, வெலையும் கொறவு, பாக்க ஆசையா இருக்கும். பழகுறவங்களுக்கு அது வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். காத்து பலமா அடிக்கிற முப்பந்தல் பக்கம் வீடு உள்ளவங்க ஜன்னல தெறந்து வச்சிட்டு அத ஒரு தடவ தெறந்து பாருங்க, பொறவு சாயங்காலம் வரைக்கும் தரைய தூத்துக்கிட்டு இருக்கணும். பறக்குறது மூக்குக்குள்ளயும் போகும், பொடி எதுவானாலும் மூச்சுல இழுக்குறது நல்லதுக்கு இல்ல. கட்டியா அழுத்தினதுன்னா தொட்ட அளவுக்கு தான் வரும்.

இப்ப கண்ணா கன்னமா. கண்ணுக்குன்னு எழுதியிருக்க ஷிம்மர கன்னத்துல பெரும்பாலும் போடலாம், கை மட்டும் லேசா இருக்கணும். ஆனா கன்னத்துக்குன்னு எழுதியிருக்கத கண்ணுல போடுறதுக்கு முன்னாடி லேபிள பாக்கணும். பிளஷ்ல போடுற சில செவப்பு சாயம் கண்ணு பக்கத்துல ஆகாது, அமெரிக்காவுல எஃப்.டி.ஏ.ன்னு மருந்து, அழகுசாதனத்த கண்காணிக்கிற அரசு அமைப்பு கண்ணச் சுத்தி எந்த நிறமி போடலாம்னு தனியா வரையறுத்தே வச்சிருக்கு, கன்னத்துக்கு சரின்னு விட்ட சில செவப்பு அதுல இல்ல. அதனால ரெண்டுக்கும் ஆகும்னு டப்பாவுலயே அச்சடிச்சிருந்தா நம்புங்க, கடையில வாய்வார்த்தையா சொல்றத மட்டும் நம்பி கண்ணுல வைக்காதீங்க. அக்கா மக டப்பாவுல பின்னால பாத்தோம், முகத்துக்கும் கண்ணுக்கும்னு எழுதியிருந்துச்சு, அதுக்கு பொறவு தான் தொட விட்டேன்.

லேபிள்ல சி.ஐ. (கலர் இண்டெக்ஸ், ஒவ்வொரு நிறமிக்கும் குடுத்த நம்பர்) போட்டு அஞ்சு இலக்க எண் வரும், அத படிக்க பழகிட்டா டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு யாரட்டயும் கேக்க வேண்டாம். 77019 மைக்கா, 77891 டைட்டானியம் டைஆக்சைடு, 77491, 77492, 77499 மூணும் இரும்பு ஆக்சைடு, செவப்பு, மஞ்சள், கறுப்பு வரிசையில. 77163 இருந்தா பிஸ்மத் ஆக்சிகுளோரைடு, அதுவும் முத்து மினுக்கம் தான், ஆனா சிலருக்கு வேர்த்தா அரிக்கும். 75470ன்னா கார்மின், ஒரு வகை பூச்சியில இருந்து எடுக்குற செவப்பு, சைவம் பாக்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். நம்ம நாட்டு சட்டப்படி கலருக்காக ஈயமோ ஆர்சனிக்கோ சேத்த அழகுசாதனம் செய்யவும் கூடாது விக்கவும் கூடாது, அட்டையில தயாரிச்ச கம்பெனி விலாசமும் லைசன்ஸ் நம்பரும் இருக்கணும், வெளிநாட்டுச் சரக்குன்னா பதிவு நம்பர் இருக்கணும். ஒரு எழுத்தும் இல்லாத டப்பா அம்பது ரூபாய்க்கு கெடைக்குதுன்னு வாங்கி கண்ணுல தடவுறதுக்கு, ஒண்ணும் போடாம பிச்சிப்பூ வச்சிட்டு போறது எவ்வளவோ மேல். வாங்கினத முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாத்துட்டு பொறவு மூஞ்சிக்கு கொண்டு போங்க.

கலர் எது எடுக்கணும்? இதுல தான் எனக்கு ரொம்ப நாளா ஒரு மனத்தாங்கல் உண்டு. மாநிறமும் கறுப்பும் உள்ள பிள்ளைகள்ட்ட "உனக்கு இது எடுக்காது"ன்னு சொல்லியே ஷிம்மர்ட்ட இருந்து ஒதுக்கி வச்சிட்டாங்க. உண்மை நேர் எதிர். வெளிச்சம் திரும்பி வர்றது தான் ஷிம்மர்னா, சுத்தி உள்ள எடம் எவ்வளவு ஆழமான நெறமா இருக்கோ அவ்வளவுக்கு அந்த வெளிச்சம் எடுப்பா தெரியும், வெள்ளச் சொவர்ல வெளக்கு வச்சா தெரியுறத விட மரக்கதவுல பித்தளக் குமிழ் மின்னுறது தான கண்ணுக்கு படும். அவங்களுக்கு எடுக்காம போனது தப்பான கலர் குடுத்ததுனால தான். வெள்ளி கலந்த வெளிர் ரோஸு, பனி மாதிரி வெள்ள, இதுலயெல்லாம் வெள்ள நிறமி கூடுதலா இருக்கும், அது நம்ம தோல்ல ஏறினா சாம்பல் பூசின மாதிரி வரும். தங்கம், வெங்கலம், செம்பு, பீச்சுத் தங்கம், ஆழமான ரோஸ் தங்கம் இதுல எது வேணும்னாலும் எடுங்க. நல்ல கறுப்பு உள்ளவங்களுக்கு செம்பும் வெங்கலமும் கன்னத்துல விழுற அழக வேற யாருக்கும் கொண்டு வர முடியாது, நான் எத்தனையோ மணப்பொண்ணுகளுக்கு பக்கத்துல நின்னு பாத்து சொல்லுதேன். அஞ்சு கலர் டப்பாவுல ஓரத்துல இருக்க அந்த வெள்ளய கண்ணோட உள் மூலையில ஒரு கடுகளவு வைக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். கடையில சோதிக்கும்போ கையில தடவிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பாருங்க, உள்ள எரியுற லைட்டுக்கு எல்லாமே மின்னும்.

கன்னத்துல எங்க வைக்கணும்னா, சிரிச்சா உருண்டு வருமே அந்த மேட்டுல எல்லாரும் வைக்காங்க, அங்க ஷிம்மர் வேண்டாம். அங்க தான் தோல்ல குழி கூடுதலா தெரியும், பரு வந்த தழும்பு இருக்கும், வெளிச்சம் பட்டா குழியும் தழும்பும் சேந்து தெரியும். வெரல வச்சி கண்ணுக்கு கீழ எலும்பு தட்டுப்படுற எடத்த தடவிப் பாருங்க, கருவிழிக்கு நேர் கீழ இல்லாம வெளிப்பக்கமா போய், கண்ணோட வால தாண்டி பொருவம் முடியுற எடம் வரைக்கும் ஒரு பிறை மாதிரி ஏறும். அந்தப் பிறையில தான் ஹைலைட்டர். மேட்டுல வேணும்னா மினுக்கம் இல்லாத பிளஷ், அது மேல் ஓரத்துல மட்டும் ஷிம்மர் தொட்டு ரெண்டும் கலக்கட்டும். பிரஷ்ல எடுத்தா ஒரு தட்டு தட்டி உதுத்துட்டு, மொதல்ல பொறங்கையில தொட்டு பாத்துட்டு மூஞ்சிக்கு கொண்டு போங்க. பத்தலன்னா இன்னொரு தடவ தொடலாம், கூடிப்போனா கொறைக்கிறது பாடு. மூக்குத் தண்டுல நடுவுல ஒரு கோடு, மேல் உதட்டு நடுவுல ஒரு பொட்டு, இது ரெண்டும் வேணும்னா போடலாம், எண்ண வடியுற மூக்கா இருந்தா மூக்க விட்டிருங்க. நம்ம குமரி அம்மன் மூக்குத்தி ஒளிய பாத்து கப்பல்காரங்க கலங்கரை வெளக்குன்னு நெனச்சி வந்தாங்கன்னு ஐதீகம் சொல்லுவாங்கல்லா, அத்தன பெரிய கடலுக்கு அந்த ஒத்தக் கல்லு போதுமா இருந்துச்சு. அக்கா மகளுக்கு அளவு புரிய வைக்க நான் சொன்னது அந்தக் கதைய தான், ஒடனே பிடிச்சிக்கிட்டா.

கண்ணுக்கு வரும்போ பிரஷ தள்ளி வச்சிட்டு வெரல எடுங்க. மோதிர வெரல், அது தான் அழுத்தம் கொறவா குடுக்கும். இமை மடிப்புல மொதல்ல மினுக்கம் இல்லாத தவிட்டுக் கலர லேசா தடவிக்கிடுங்க, இமை நடுவுல வெரலால ஷிம்மர ஒத்தி ஒத்தி எடுங்க, தேக்கக் கூடாது. ஒத்தும்போ தட்டையான துகள் எல்லாம் தோல் மேல படுத்துக்கிடும், வெரல் சூட்டுல அதுல உள்ள எண்ணயும் எளகி ஒட்டிக்கிடும், படுத்த துகள் தான் வெளிச்சத்த ஒரே பக்கமா திருப்பும். தேச்சா துகள் கோணலா நிக்கும், கீழயும் உதிரும். இன்னும் பளிச்சின்னு வேணும்னா பிரஷ ஒரு சொட்டு தண்ணியில நனைச்சி எடுத்து வைக்கலாம், ஆனா அந்த ஈர பிரஷ டப்பாவுல போட்டு தேக்காதீங்க, கொஞ்சம் பவுடர பொறங்கையில எடுத்து வச்சிட்டு அதுல தொடுங்க. கண்ணு வேலய முடிச்சிட்டு கீழ உதிர்ந்தத துடைச்ச பொறவு ஃபவுண்டேஷன் போட்டா கண்ணுக்கு கீழ மினுக்கம் செதறாது. காஜல் எல்லாத்துக்கும் கடைசி. காஜல் ஈரமா இருக்கும்போ ஷிம்மர் விழுந்தா ரெண்டும் சேந்து அழுக்குக் கலர் ஆயிடும். இமையில சுருக்கம் விழத் தொடங்கினவங்களுக்கு ஷிம்மர் அந்த கோட்டுலயே போய் ஒக்காரும், எங்க அக்காவுக்கு நான் சாட்டின் தான் போட்டு விடுவேன், கல்யாண வீட்டுல எல்லாரும் கொள்ளாம்னு தான் சொன்னாங்க. லென்ஸ் வைக்கிறவங்க லென்ஸ மாட்டிட்டு தான் பவுடர தொடணும்.

நம்ம ஊரு வேர்வ. ரெண்டு பருவமழையும் இங்க உண்டு, கடலும் பக்கத்துல, மழ இல்லாத நாள்லயும் காத்து நசநசன்னு தான் இருக்கும். காலையில ஒம்பது மணிக்கு போட்ட ஷிம்மர் பந்தியில ஒக்காரும்போ நெத்தியில வழிஞ்சி நிக்கும். காரணம் என்னன்னா தோல்ல ஊறுற எண்ண துகளுக்கு இடையில போய் அத தூக்கிடும், தூக்கினா படுத்து கெடக்காது, வழுக்கி மடிப்புல சேரும். அதனால மூஞ்சி கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு பத்து நிமிஷம் விடுங்க, டிஷ்யூவ வச்சி ஒத்தி எண்ணய எடுங்க, இமையில ஐ பிரைமரோ (பவுடர் ஒட்டி நிக்க அடியில தடவுறது) கன்சீலரோ (கருவளையம், தழும்ப மறைக்கிற கிரீம்) துளி தடவிட்டு அதுல ஷிம்மர ஒட்டுங்க. இடையில வேர்த்தா துடைக்கக் கூடாது, ஒத்தணும். எல்லாம் முடிச்ச பொறவு பழக்க தோஷத்துல டால்கம் பவுடர ஒரு கை எடுத்து மேல பூசிடாதீங்க, அந்த மாவு மைக்காவ மூடிட்டுன்னா போட்டதே தெரியாது. இன்னொண்ணு, போட்டோ பிளாஷ். பிளாஷ் நேரா அடிக்கிற வெளிச்சம், ஷிம்மரும் நேரா திருப்பும், கண்ணாடிக்கு முன்ன அளவா தெரிஞ்சது படத்துல வெள்ளத் திட்டா வரும். வீட்டுல இருந்து எறங்க முன்ன போன்ல பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாத்துட்டு போங்க.

ஒரு விஷயத்த சொல்லாம விட எனக்கு மனசு வரல்ல. இந்த மைக்கா நம்ம நாட்டுல ஜார்கண்டுல இருந்து நெறைய வருது, கோடர்மா, கிரிதி பக்கம். அங்க காட்டுக்குள்ள கைவிட்ட சுரங்கத்துல சின்னப் பிள்ளைகள் இறங்கி மைக்கா பொறுக்குறாங்க, மண்ணு சரிஞ்சி பிள்ளைகள் செத்தும் போயிருக்காங்க, இது வெளிய வந்து ஒலகம் பூரா பேசின விஷயம். 2017ல மைக்கா வாங்குற கம்பெனிகள் சில சேந்து ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்னு ஒரு அமைப்பு தொடங்கி அத சரிபண்ண பாக்குறாங்க. நாம செய்யக்கூடியது, லேபிள்ல சிந்தெட்டிக் ஃப்ளூர்ஃப்ளோகோபைட்னு இருக்கான்னு பாக்குறது. வாயில நுழையாத பேரு தான், ஆலையில உருக்கி செய்யிற மைக்கா அது, மண்ணுக்குள்ள இருந்து வந்ததில்ல. அழுக்கு கலக்காததுனால இன்னும் தெளிவா மின்னும், வெல கொஞ்சம் கூட வரும். எனக்கு இப்ப அது இருந்தா தான் வாங்க மனசு வருது, ஒரு டப்பா ரெண்டு வருஷம் வருமே, அந்த காச பெருசா நெனைக்கல்ல. பத்து வயசு பிள்ள சுரங்கத்துல இறங்குதுன்னு கேட்டதும் அக்கா மக டப்பாவ மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

பாதுகாக்குறது. கொஞ்ச நாள் கழிச்சி டப்பா மேல வழுவழுன்னு ஒரு பக்கு கட்டி, எவ்வளவு தேச்சாலும் பவுடர் வராது, அது உங்க வெரல் எண்ண ஊறினதுனால. செலோடேப்ப மெதுவா ஒட்டி பிச்சா அந்த பக்கு வந்துடும், அடியில புதுசா மின்னும். தெறந்த டப்பா படம் போட்டு 12எம், 24எம்னு அட்டையில இருக்கும், தெறந்த நாள்ல இருந்து அத்தன மாசம் தான் கணக்கு. பிரஷ வாரத்துக்கு ஒருக்கா ஷாம்பு போட்டு கழுவி படுக்க வச்சி காய வைங்க. மெட்ராஸ் ஐ வந்த சமயத்துல கண்ணு பவுடர் பக்கமே போகக் கூடாது, வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் வெரல்ல தொட்டு போட்டுட்டு இருந்த டப்பாவ எவ்வளவு வெல குடுத்து வாங்கியிருந்தாலும் தூரப் போடுங்க, அக்கா தங்கச்சின்னாலும் கண்ணுல போடுறத பங்கு வைக்காதீங்க. ராத்திரி தேங்காண்ணய பஞ்சுல தொட்டு இமையில அர நிமிஷம் வச்சிருந்து கீழ்ப்பக்கமா துடைச்சா ஷிம்மர் மொத்தமா வந்துடும், பொறவு சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டு கழுவிட்டு படுங்க, இல்லன்னா தலகாணியில இருந்து காலையில கண்ணுக்குள்ள போகும்.

ஒரு தடவ நான் தக்கலைக்கு பஸ்சுல போகும்போ பையில இருந்த ஹைலைட்டர் நொறுங்கி பை பூரா தங்கமா போச்சு. ஒடஞ்சத சரிபண்ண வழி இருக்கு, மருந்துக்கடையில கெடைக்குற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட சொட்டு சொட்டா விட்டு கொழச்சி, மேல டிஷ்யூவ வச்சி நாணயத்தால அழுத்தி, மூடாம ஒரு நாள் பூரா காய விட்டா மறுபடியும் கட்டியாயிடும். கன்னத்துக்கு போடுறதுக்கு மட்டும் தான் நான் அத செய்வேன், கண்ணுக்கு போடுறது ஒடஞ்சா செய்ய மாட்டேன். இப்ப டப்பாவ மூட முன்ன பவுடர் மேல வட்டமா ஒரு பஞ்சு வச்சி தான் மூடுதேன், அக்கா மகளுக்கும் அப்படியே வச்சி அனுப்பினேன், கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் பஸ்சுல தான போகணும்.